தந்தை மறைந்த பிறகு பி.எம். கிசான் தவணை யாருக்குச் சேரும்?

விளவங்கோட்டு வாசகர்:
வணக்கம். எங்கள் தந்தையார் பெயரில் அறுபது சென்ட் ரப்பர் விளை (தோட்டம்) இருக்கிறது. நில உடைமை விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணைகளில் தரும் உதவித்தொகையான பி.எம். கிசான் அவருக்கு வந்துகொண்டிருந்தது. அவர் 2023இல் காலமான பின்னும் இரண்டு தவணைகள் அவர் கணக்கில் சேர்ந்துள்ளன. நாங்கள் அவற்றை எடுக்கவில்லை. அம்மா, அண்ணன், நான் ஆகிய மூவரே வாரிசுகள். அண்ணன் வருமான வரி செலுத்துபவர். விளையைப் பராமரிப்பவன் நான். 2019க்குப் பிறகு நிலம் பெற்றவர்களுக்கு இத்திட்டம் இல்லை என்று சேவை மையத்தில் கூறுகிறார்கள். அது சரிதானா?

கல்குளத்திலிருந்து ஒருவர்:
பாதிதான் சரி. 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே அடிப்படை என்றாலும், உரிமையாளர் இறந்ததால் வாரிசுரிமையாக நிலம் வந்திருந்தால் அந்தத் தேதி தடையாகாது. விலைக்கு வாங்கியவர்கள் போன்றோருக்கே அது பொருந்தும். எனவே இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் வைத்து முதலில் பட்டாவை மூவர் பெயருக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலர் பாகப்பிரிவினை முடியட்டும் என்று இதைத் தலைமுறைக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்; அதற்கு அவசியமே இல்லை, கூட்டுப்பட்டா போதும். கூட்டுப்பட்டாவில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெறலாம். இத்திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டுமே. ஆகவே நீங்களும் அம்மாவும் தனித்தனிக் குடும்பங்கள். அண்ணன் வரி செலுத்துவது அவர் குடும்பத்தை மட்டுமே விலக்கும்.

இறப்புக்குப் பின் வந்த 4,000 ரூபாயை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் தெரிவித்துத் திருப்பிச் செலுத்திவிடுங்கள். திட்டத்தின் இணையதளத்திலும் அதற்கு வழி உண்டு. 2020இல் தமிழ்நாட்டில் விவசாயிகளே அல்லாத பலர் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டது வெளிவந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரை போய், பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது நினைவிருக்கும்.

தோவாளை வாழை விவசாயி:
இடையில் என் கேள்வியையும் சேர்க்கிறேன். நான் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்த வயலில் வாழை வைக்கிறேன். தவணை நில உடைமையாளருக்குப் போகிறது. அவர் அந்த வயலில் கால் வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு வழி உண்டா?

கல்குளத்திலிருந்து ஒருவர்:
இத்திட்டத்தில் இல்லை. பணம் நில ஆவணத்தில் இருக்கும் பெயரைத்தான் தேடிப் போகும், மண்வெட்டி பிடித்த கையை அல்ல. என் கருத்தில் இத்திட்டத்தின் பெருங்குறை இதுவே. ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். உங்கள் பகுதிக்கு வாழை அறிவிக்கப்பட்டிருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி அடங்கலை (நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற பதிவை) உங்கள் பெயரில் பெற்றுப் பதிவு செய்யுங்கள். கிசான் கடன் அட்டையும் குத்தகைதாரருக்கு உண்டு.

குலசேகரம் வாசகர்:
விளவங்கோட்டு நண்பருக்கு ஒன்று. பட்டா மாறிய பின் புதிதாக விண்ணப்பிக்கும்போது, ஆதாரில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தா, வீட்டுப் பெயரா என்ற வேறுபாட்டினாலேயே இங்கே பல விண்ணப்பங்கள் நிற்கின்றன. மின்னணு கே.ஒய்.சி.யை (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பை) முடித்து, வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைத்தால்தான் 2,000 ரூபாய்த் தவணை வரும். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணையும் அப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

விளவங்கோட்டு வாசகர்:
நன்றி. வாரிசுச் சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன். அம்மாவின் ஆதாரில் வீட்டுப் பெயர் இருக்கிறது. அதைத்தான் முதலில் திருத்த வேண்டும் போலிருக்கிறது.