நாலரை வயசு: எழுத்து தெரியுது, வாசிக்க வரலை. மணி பார்க்கவும் இப்பவே பழக்கலாமா?

கேள்வி

வணக்கம். மகளுக்கு நாலரை வயசு. அ முதல் ஃ வரை, க் முதல் ன் வரை வரிசையாகச் சொல்கிறாள். அட்டைகளைக் கலைத்துக் காட்டினாலும் பெரும்பாலும் சரி. ஆனால் 'படம்' என்று எழுதிக் காட்டினால் "பானா... டானா... இம்மன்னா" என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறாள். சேர்த்து வாசிக்க வைப்பது எப்படி? 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போகணுமா? அப்புறம், சுவர்க் கடிகாரத்தைக் காட்டி "மணி என்ன?" என்று தினமும் கேட்கிறாள். இந்த வயசில் எவ்வளவு தூரம் சொல்லித்தரலாம்? தினம் இருபது நிமிஷம் ஒதுக்க முடியும்.

அரிச்சுவடி:

பானா, இம்மன்னா எல்லாம் எழுத்தோட பெயர், ஒலி இல்லை. பெயர்களை ஒட்டினால் "பானாடானாஇம்" தான் வரும், படம் எங்கிருந்து வரும்? முதல் வேலை பெயரை ஒதுக்கி வைப்பது. ம் என்றால் உதட்டை மூடி "ம்ம்ம்", ல் என்றால் நாக்கை மேலே ஒட்டி "ல்ல்ல்". க், ட், ப் மூன்றையும் இப்படி இழுக்க முடியாது. அதனால் அவற்றைத் தனியே சொல்லித்தராதீங்க, முந்தின எழுத்தோடு சேர்த்தே சொல்லுங்க: பக்-கம், பட்-டம், கப்-பல்.

ஒரு வாரம் அட்டையே வேண்டாம், வாயால் மட்டும் விளையாடுங்க. "ம... ர... ம், இது என்ன?" எழுத்துக்கு எழுத்து அரை விநாடி இடைவெளி விட்டால் போதும். காதால் சேர்க்க வராத குழந்தைக்குக் கண்ணால் சேர்க்க வராது. பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, குழந்தைக்கு ஞாபகசக்தி இல்லைன்னு புலம்புவாங்க.

247 எழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. க, ட, ப, ம, ர, ல ஆகிய ஆறும் அவற்றின் புள்ளி எழுத்துகளும் போதும். படம், மரம், கல், பல், கடல், பகல், மலர், பட்டம், பக்கம், கட்டம், கப்பல், கம்பம் எல்லாம் இதிலேயே வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு எழுத்து, அதற்கு மேல் வேண்டாம். கடல் என்பதில் வரும் க வேறு, பகல் என்பதில் வரும் க வேறு மாதிரி ஒலிக்குதேன்னு விளக்கப் போகாதீங்க. தெரிந்த சொல்லாக இருந்தால் "பக்கல்... ஓ, பகல்!" என்று அவளே திருத்திக்கொள்வாள். ஆரம்பத்தில் அவள் தினம் பேசுகிற சொல்லாகவே கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

அட்டையில் எழுத்து 5 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். முன்பக்கம் படம் போடாதீங்க. மரத்தின் படம் இருந்தால் குழந்தை படத்தைப் பார்த்து "மரம்" என்று சொல்லும், நாம் வாசித்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். படம் அட்டைக்குப் பின்னால், வாசித்த பிறகு திருப்பிப் பார்க்க. சந்தேகம் இருந்தால் படம், பட்டம், மடம் மூன்றையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்க, குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதன் பிறகு துணையெழுத்து, முதலில் கால் மட்டும்: கால், பால், மாமா, பாப்பா, காகம். சில எழுத்துருக்களில் ர-வுக்கும் காலுக்கும் அடியில் இருக்கும் சின்ன வால்தான் வித்தியாசம், 'பா'வைக் குழந்தை "பர" என்று வாசிக்கும். வால் தெளிவாகத் தெரிகிற எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்க. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, உகரம் எல்லாம் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

இரண்டுசுழி:

மேலே சொன்னதில் கடைசி வரிக்கு மட்டும் உடன்பாடில்லை. உகரத்தைக் கடைசிக்குத் தள்ளினால் மாடு, வீடு, பந்து, பாம்பு, மூக்கு எதையும் மாதக்கணக்கில் வாசிக்க முடியாது. சின்னக் குழந்தையின் பேச்சில் பாதிச் சொல் 'உ'வில்தான் முடியும். உகரக் குறி எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவது உண்மைதான். அதனால் விதி சொல்லாமல் கு, டு, து, பு நான்கையும் புது எழுத்து போல முழுசாகவே, கால் முடிந்த கையோடு காட்டிவிடலாம். மற்றவை மெதுவாக வரட்டும்.

கொம்பு பற்றி: குறி முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். இடமிருந்து வலமாக விரலை ஓட்டப் பழகிய குழந்தை 'மே'வில் கொம்பைப் பார்த்ததும் திகைத்து நிற்கும். விரலால் கொம்பை மூடி "ம" வாசிக்கச் சொல்லி, விரலை எடுத்து "மே" என்று முடிக்கச் சொல்லுங்க. பை, கை, மலை மூன்றும் இதற்கு நல்ல தொடக்கம். ண, ன இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுக்காதீங்க. ஒன்று நன்றாகப் பதிந்து, மூன்று நான்கு வாரம் போன பிறகு மற்றது.

பழைய அரிச்சுவடி ஏதாவது வீட்டில் இருந்தால் அச்சைப் பாருங்க. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய புத்தகங்களில் லை, ணை, றா போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும்.

சின்னமுள்:

மணிக்கு வருகிறேன். பெரிய முள்ளைக் கழற்றிவிட்டு ஆரம்பிங்க. நிஜமாகத்தான் சொல்கிறேன். சின்ன முள் மட்டும் இருந்தாலே மணி தெரியும்: சரியாக மூணு, மூணு தாண்டியாச்சு, மூணுக்கும் நாலுக்கும் நடுவில், நாலு ஆகப்போகுது. நாலரை வயசுக்கு இந்த நாலு பதில் தாராளம். பிறகு பெரிய முள்ளை இரண்டே இடத்தில் அறிமுகப்படுத்தலாம்: உச்சியில் நின்றால் முழு மணி, அடியில் நின்றால் அரை. ஐந்தைந்தாக 60 வரை தடுமாறாமல் எண்ண வரும்வரை நிமிஷக் கணக்கு வேண்டாம்.

'பெரிய முள்' என்ற பெயரே ஒரு வம்பு. பெரியதுதான் முக்கியம் என்று நினைத்து மூன்றரையை "ஆறு மணி" என்று சொல்லும் குழந்தைகள் ஏராளம். 'குட்டை முள்', 'நீள முள்' என்று சொல்லுங்க. குட்டை முள்ளுக்குச் சிவப்பு அடித்தால் இன்னும் நல்லது.

அட்டைக் கடிகாரம் செய்தால் 12, 6, 3, 9 நான்கையும் முதலில் எழுதி, இடையில் இரண்டிரண்டாக நிரப்பணும். ஒன்றிலிருந்து வரிசையாக எழுதினால் எண்கள் ஒரு பக்கமாகக் குவிந்து, பத்துக்கு மேல் இடமிருக்காது. அட்டையின் பெரிய குறை, இரண்டு முள்ளும் தனித்தனியாகச் சுற்றும். நீள முள் 6-இல் இருக்க, குட்டை முள்ளை அப்படியே 3-இல் விட்டு "மூன்றரை" என்று காட்டினால் பிழையைத்தான் பழக்குகிறோம். ஓடாத பழைய கடிகாரம் இருந்தால் அதன் பின்பக்கத் திருகியைத் திருகிக் காட்டுங்க. ஒன்று முழுச் சுற்றுச் சுற்றினால் மற்றது ஒரு எண் நகர்வதைக் குழந்தை கண்ணால் பார்க்கும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். முழு மணியும் அரையும் வந்த பிறகு கால், முக்கால் போகலாமா? 3:45-ஐ இப்போதே "நாலேமுக்கால்" என்கிறாள்.

சின்னமுள்:

கண்ணுக்குத் தெரிவதைத்தான் சொல்கிறாள். மூணேமுக்காலில் குட்டை முள் நாலுக்குப் பக்கத்தில்தானே நிற்கும்? 12 முதல் 1 வரை ஒரு நிறம், 1 முதல் 2 வரை வேறு நிறம் என்று இரண்டு நிறத்தை மாற்றி மாற்றி முகப்பு முழுக்கத் தீட்டுங்க. 12 கட்டம் என்பதால் சரியாக வந்து முடியும். 3 முதல் 4 வரை 'மூணோட வீடு'. முள் நாலைத் தொடும்வரை மூணோட வீட்டில்தான் இருக்கு. முதலில் "யார் வீடு?", அப்புறம்தான் "எவ்வளவு தூரம் வந்திருக்கு?" காலும் முக்காலும் வர ஆறு வயசானாலும் அவசரமில்லை.

"அஞ்சு நிமிஷத்தில் வரேன்" என்று சொன்னால் டைமர் வைத்து அஞ்சு நிமிஷத்திலேயே வந்துவிடுங்க. நம் அஞ்சு நிமிஷம் ஒரு நாள் இரண்டாகவும் மறுநாள் இருபதாகவும் இருந்தால், அஞ்சு நிமிஷம் எவ்வளவு என்பது அவளுக்குப் பிடிபடவே பிடிபடாது.

அரிச்சுவடி:

உகரம் பற்றி இரண்டுசுழி சொன்னது சரி, மாற்றிக்கொள்கிறேன். கு, டு, து, பு கால் முடிந்ததும் வரட்டும். இருபது நிமிஷத்தை ஒரே மூச்சில் செலவழிக்காதீங்க. காலையில் எட்டு நிமிஷம் எழுத்து, சாயங்காலம் ஐந்து நிமிஷம் கடிகாரம். மிச்சத்துக்கு நீங்கள் புத்தகம் வாசிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும், வரிக்கு அடியில் உங்கள் விரல் ஓடட்டும்.