குறைந்த வாட் எஸ்எம்பிஎஸ்: வாங்கியவர்களும் பழுது பார்ப்பவர்களும் கண்டவை

மார்த்தாண்டத்திலிருந்து, சர்வீஸ் கடை நடத்துபவர்:

எங்கள் கடைக்கு வரும் கணினிகளில் பெரும்பாலானவை டிடிபி சென்டர்களிலும் மருந்துக் கடைகளிலும் பில் போடப் பயன்படுபவை. தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. இன்டெல் ஐ3 12100 பிராசஸர் உச்ச வேகத்தில் எடுப்பது 89 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றையும் சேர்த்தாலும் மொத்தம் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆனாலும் எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் பெட்டி) வாங்கும்போது "600 வாட்டுக்குக் குறையாமல் போடுங்கள்" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அப்படிக் கேட்பவருக்குக் கேபினட்டோடு சேர்த்துச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பெயர் தெரியாத பெட்டி ஒன்று போய்ச் சேருகிறது.

எரிந்துபோய் வந்த அத்தகைய பெட்டி ஒன்றின் ஸ்டிக்கரை அண்மையில் ஒரு வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டினேன். மேலே பெரிய எழுத்தில் 500 என்று இருந்தது. கீழே கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 192 வாட்தான் வரும். மீதி 3.3, 5 வோல்ட் இணைப்புகளின் வாட்டைக் கூட்டிக் காட்டிய கணக்கு. 2000-ஆம் ஆண்டில் ஏடிஎக்ஸ்12வி என்ற எஸ்எம்பிஎஸ் தர முறையும் நான்கு முனை பிளக்கும் வந்த பிறகு பிராசஸருக்கான மின்சாரம் 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதால், அந்தக் கூட்டலால் இன்றைய கணினிக்குப் பெரிய பயன் இல்லை. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு மட்டும் 36, 37 ஆம்பியர் போட்டிருப்பார்கள். ஏறக்குறைய முழு வாட்டும் அங்கேயே கிடைத்துவிடும்.

எரிந்துபோன அந்தப் பெட்டியைத் திறந்தபோது, மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய துளைகளில் வெறும் கம்பித் துண்டுகளை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். பின்புறம் 115/230 என்று மாற்றும் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால், உள்ளே ஆக்டிவ் பிஎஃப்சி (லைனிலிருந்து கரண்ட் எடுப்பதைச் சீராக்கும் சுற்று) பெரும்பாலும் இருக்காது. ஸ்விட்ச் இல்லை என்பதற்காக மட்டும் நம்பிவிடவும் கூடாது. நம் ஊருக்கென்று 230-க்கு மட்டும் செய்த மட்டமான பெட்டிகளும் உண்டு.

மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனுக்குத் தரும் 80 பிளஸ் முத்திரையைப் பற்றியும் கேட்கிறார்கள். சாதாரண, பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு முத்திரைகளுக்கான சோதனை 20, 50, 100 சதவீத லோடில், அதாவது முழு வாட்டில் அத்தனை பங்கை எடுக்கும்போது, நடக்கிறது. இவற்றுக்கு மேலான டைட்டானியம் முத்திரைக்கு 10 சதவீதமும் உண்டு. சும்மா இருக்கும்போது 30 வாட் எடுக்கும் கணினிக்கு 750 வாட் போட்டால் அது 4 சதவீத லோடுதான்; அங்கே திறன் எவ்வளவு என்று அந்த முத்திரை எதுவும் சொல்லாது. 300 வாட்டே போதும் என்றாலும், நம்பத்தக்க 300 வாட் பெட்டி இங்குள்ள கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், பிரான்ஸ் முத்திரையுள்ள 450 வாட்டையே பரிந்துரைக்கிறேன்.

குளச்சலிலிருந்து, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்:

மேலே சொன்னவற்றோடு கடற்காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே உண்டு. உப்பும் ஈரமும் கலந்த தூசி ஃபேன் இறக்கைகளில் பிசின்போல் ஒட்டிக்கொள்வதால், காற்று குறைந்து உள்ளே சூடு ஏறுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைச் சேமித்துத் தரும் கபாசிட்டரின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே 85 டிகிரி வரை தாங்குவதற்குப் பதில் 105 டிகிரி வரை தாங்கும் கபாசிட்டர் போட்டது எது என்று கேட்டு வாங்கினேன். கேபினட்டைத் தரையிலும் கடல் பக்கத்து ஜன்னலோரத்திலும் வைப்பதில்லை.

யுபிஎஸ்ஸையும் உடனே சோதித்துவிடுவது நல்லது. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள், சதுர அலை தரும் மலிவான யுபிஎஸ்ஸோடு ஒத்துப்போகாமல், கரண்ட் போனவுடன் கணினியை அணைத்துவிடும். லைனுக்கும் பேட்டரிக்கும் இடையே மாறும் சில மில்லி விநாடிகளை எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பிலிருந்தே தாங்கியாக வேண்டும். கணினியில் கனமான வேலை ஒன்றை ஓடவிட்டு யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன், அணையவில்லை.

நாகர்கோவிலிலிருந்து, கல்லூரி ஆய்வக உதவியாளர்:

பழைய எஸ்எம்பிஎஸ் வாங்குபவர்களுக்காக ஒன்று. கணினியில் மாட்டாமல், எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய பிளக்கிலுள்ள பச்சை வயரையும் கருப்பு வயரையும் இணைத்ததும் ஃபேன் சுற்றுகிறது என்பது அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. கணினியில் மாட்டி, லோடு கொடுத்து, மீட்டரால் 12 வோல்ட்டை அளக்க வேண்டும், 11.4-க்கும் 12.6-க்கும் இடையே நிற்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். புதியது வாங்கினால் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது முதலில் கேட்பது அதைத்தான்.