தண்ணீர் வரிசையில் எபிக்டெட்டஸ்

2022 ஏப்ரல் வெள்ளத்தில், தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் எங்கள் டோங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் அடிபட்டது இங்கே பலருக்கு நினைவிருக்கும். அப்புறம் மாதக்கணக்கில் குழாயைத் திறந்தால் காற்றுதான். அந்த நாட்களில்தான் மகள் வீட்டில் விட்டுப்போன எபிக்டெட்டஸ் கையேட்டைப் புரட்டினேன். பழைய ரோமப் பேரரசில் அடிமையாக இருந்து தத்துவ ஆசிரியரானவர் அவர். சீடர் அரியன் தொகுத்த சின்னப் புத்தகம். நம் கையில் இருப்பவை சில, இல்லாதவை சில என்றுதான் தொடங்குகிறது. அது எனக்கு ஒட்டவில்லை. வாளி என் கையில், தண்ணீர் லாரி என் கையில் இல்லை. சரி, அதற்கு மேல்?

ஒட்டியது நாலாவது பகுதி. பொதுக் குளியலுக்குப் போகிறவனிடம் சொல்கிறார்: அங்கே ஒருவன் தண்ணீரை வாரி அடிப்பான், இடிப்பான், திட்டுவான், திருடுவான், அதையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பு. நான் குளியலை எடுத்துவிட்டு டேங்கரை வைத்துக்கொண்டேன். விடியுமுன் பக்கியில் (சின்ன சரக்கு வண்டி) வாளி ஏற்றும்போதே சொல்லிக்கொள்வேன்: லாரி லேட்டாகும், யாரோ ஓர் ஆன்ட்டி 'நாலு பேருக்கு இடம் போட்டிருக்கேன்' என்று நடுவில் நுழைவார், என் முறை வரும்போது தண்ணீர் தீரும். ஒரு நாள் மூன்றும் வரிசை மாறாமல் நடந்தன. சிரிப்பு வந்துவிட்டது. ஆன்ட்டியின் வாளியை நானே தூக்கிக் கொடுத்தேன்.

இதோடு நிறுத்தினால் பெருமையாக இருக்கும். அடுத்த வருடம் லோட் ஷெடிங் ஸ்டேஜ் ஆறு, அதாவது நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டு. கடன் வாங்கி வைத்த இன்வெர்ட்டர் பேட்டரியை கராஜிலிருந்து தூக்கிவிட்டார்கள். எபிக்டெட்டஸின் இரும்பு விளக்கும் திருடுபோயிருக்கிறது. நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றவர் அவர். நான் தெருவே கேட்கக் கத்தினேன். பாவம், பக்கத்து வீட்டுக்காரர் மேல் வேறு சந்தேகப்பட்டு மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. முன்கூட்டி ஓட்டிப் பார்த்த சங்கடம்தான் எனக்கு அடங்குகிறது. பேட்டரியை நான் ஓட்டிப் பார்க்கவே இல்லை.

டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, சிரிப்பு சரி. ஆனால் எங்கள் தெருவில் கூட்டத்துக்கு வாங்க என்றால் 'நம்ம கையில என்ன இருக்கு' என்று இதே தத்துவத்தைத்தான் சொல்கிறார்கள். ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸும் ஸ்டோயிக்தான், எபிக்டெட்டஸின் அதே தத்துவ வழி. 161 முதல் 180 வரை ஆண்டார். கொள்ளைநோய், எல்லைப் போர் எல்லாம் வந்தன. போர்முகாமில் குறிப்பு எழுதினாரே தவிர, வேலையை விட்டுவிட்டு உட்காரவில்லை. மனு எழுதுவது என் கையில். பதில் மட்டும் இல்லை. இதுவரை பதினோரு மனு. கடைசிக்குப் பதில் வந்தது: வேறு அலுவலகத்துக்கு அனுப்பவும்.

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து இன்னொரு பதில்:

நான் இன்னொரு ரோம ஸ்டோயிக்கான செனெகாவின் கட்சி. சில நாள் மட்டமான சாப்பாடு, முரட்டுத் துணியோடு இருந்து பார், 'இதற்கா பயந்தேன்' என்று கேட்டுக்கொள் என்று ஒரு கடிதத்தில் எழுதுகிறார். நம் புரட்டாசிதானே என்று தொடங்கினேன். வீட்டில் வடை, பாயசம், ஐந்து கறி. செலவு கூடிப்போச்சு! ஃபேக்டரியில் ஆள் குறைத்து என்னை அனுப்பிய பிறகுதான் நிஜமாக வெறும் ரொட்டியும் பருப்பும். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டேன், ஃபீனிக்ஸ் அக்கா. ஆமாம், இதற்குத்தான் பயந்தேன். பருப்பு மட்டும் நன்றாக இருந்தது.