புதுப்பிப்பு: பாகல் இலைச் சாம்பல் நோயும் கறுவா எண்ணெயும்

வெள்ளவத்தை மொட்டைமாடியில் பாகல் இலைகளில் வெள்ளைச் சாம்பல் படிகிறது, கறுவா எண்ணெய் உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். கறுவா இலை எண்ணெயைத் தெளித்துப் பார்த்தேன். புதுத் தளிர்கள் சுத்தமாக வருகின்றன. பழைய இலைகளில் பெரிய மாற்றமில்லை.

இலை எண்ணெயில் பெரும்பகுதி யூஜினோல், கராம்பில் இருக்கும் அதே பொருள். இந்தச் சாம்பல் நோயை உண்டாக்கும் பூஞ்சணத்தின் உயிரணுச் சவ்வைச் சிதைப்பது அதுதான். பட்டை எண்ணெயில் சினமல்டிகைட் என்ற வேறொரு பொருள் அதிகம், அதுவும் வீரியமானது, ஆனால் விலை கட்டாது.

எண்ணெய் தண்ணீரில் கலக்காது. கொஞ்சம் சவர்க்காரத் திரவம் விட்டு நன்றாகக் குலுக்கி, உடனே அடிக்க வேண்டும். அளவு கூடினால் இலை கருகும். முதலில் ஓர் இலையில் மட்டும் சோதியுங்கள். உச்சி வெயிலில் வேண்டவே வேண்டாம். அப்புறம், இது சீக்கிரம் ஆவியாகிவிடும். திரும்பத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.