கரகர சைலன்சர்: பஞ்சு ரெசனேட்டர் போதுமா, கன்வர்டரைத் திரும்பப் போடணுமா?

பாலக்கோடு_ரோடு:
வண்டி 2016 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1197 சிசி, நாலு சிலிண்டர். கம்பெனி மேனிஃபோல்டையும் (இன்ஜின்ல இருந்து புகையைச் சேர்த்து வெளிய விடுற குழாய்க் கட்டு) கன்வர்டரையும் (புகையைச் சுத்தப்படுத்துறது) எடுத்துட்டு, நாலு குழாய் ஒண்ணா சேர்ற 4-1 ஹெட்டர் போட்டிருக்கு. அங்கிருந்து பின்பக்கம் வரைக்கும் 2 இன்ச் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய், கடைசியில ஒரு நேர் எண்ட் கேன் (பின்பக்கச் சைலன்சர் டப்பா). நடுவுல ஒண்ணும் கிடையாது. ஐடில்ல சத்தம் நல்லா இருக்கு. 3000 ஆர்பிஎம் தாண்டினா தகரத்தைக் கிழிக்கிற மாதிரி கரகரன்னு வருது. தொப்பூர் இறக்கத்துல மூணாவது கியர்ல ஆக்ஸிலேட்டரை விட்டா பட்பட்னு வெடிக்குது. நடுவுல ஒரு ரெசனேட்டர் (சத்தத்தை உறிஞ்சுற பஞ்சு டப்பா) வச்சா சரியாயிடும்னு வேலை செஞ்ச கடையில சொல்றாங்க. அது போதுமா?

ஓசூர்_ஆர்கான்:
போதும். ஆனா எந்த ரெசனேட்டர்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை எரிக்கும். 4000 ஆர்பிஎம்ல நொடிக்கு 133 தடவை. அந்த 133 ஹெர்ட்ஸ்தான் அடிக்குரல். கரகரப்பு அது கிடையாது, அதோட மடங்குகள்ல 1000 ஹெர்ட்ஸைத் தாண்டி நிக்கிற கூர்மையான சத்தம். ஒரு இன்ச் தடிமன்ல கண்ணாடி நார் (பஞ்சுன்னு சொல்றது இதைத்தான்) சுத்தி வச்சா அந்த மேல் சத்தத்தை நல்லா உறிஞ்சிக்கும், அடிக்குரல் அப்படியே போகும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

அளவு: 4 இன்ச் உடம்பு, 16 இன்ச் நீளம், உள்குழாய் 2 இன்ச். உள்குழாய் ஓட்டை போட்டதா இருக்கணும். லூவர்னு செதில் செதிலா வெட்டினது வாங்காதீங்க. செதில் காற்று வர்ற திசையைப் பார்த்து உட்கார்ந்துட்டா அதுவே விசில் அடிக்கும். உள்ள நாருக்கு இடம் ரெண்டே கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல. லிட்டருக்கு 100-120 கிராம் கணக்குல 250 கிராமை ஒட்டி இறுக்காம அடைக்கணும். குறைச்சா ஒரு பக்கமா சரிஞ்சிடும், திணிச்சா உறிஞ்சாது. உள்குழாய் மேல முதல்ல எஸ்எஸ் கம்பளி ஒரு சுத்து சுத்திட்டு அதுக்கு மேல நாரைச் சுத்துங்க. நார் பொடிஞ்சு ஓட்டை வழியா பறக்காது.

தகடூர்_புகைச்சோதனை:
கணக்கு சரிங்க ஆர்கான் அண்ணா, ஆனா நோய் முன்பக்கம் இருக்கு, நீங்க நடுவுல கட்டுப் போடுறீங்க. கன்வர்டர் இருந்த வரைக்கும் அந்தச் சத்தம் ஏன் வரல? சதுர இன்ச்சுக்கு நூத்துக்கணக்கான பொடிக் கண்கள் வழியா வாயு நுழைஞ்சு வரும்போது ஒவ்வொரு எரிப்போட செங்குத்தான அழுத்த முனையும் மழுங்கிடும். இன்ஜினுக்கு ஒட்டினாப்ல இருக்கிற முதல் சத்தத்தடுப்பு அதுதான். அதைக் கழட்டிட்டு, கூர் குறையாத அலையை ரெண்டு மீட்டர் மெல்லிசுக் குழாய்ல ஓட விட்டு, அப்புறம் பஞ்சால பிடிக்கலாம்னா பாதிதான் பிடிபடும். ரெசனேட்டருக்கு முன்னாடி இருக்கிற ஹெட்டரும் குழாயும் சுவர் வழியாவே சத்தத்தை வெளிய விடுதே, அதை எந்தப் பஞ்சு நிறுத்தும்?

இன்னொண்ணு, 2016 வண்டி பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி). புகைச் சோதனையில ஐடில்ல கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம், இதுதான் வரம்பு. 2500 ஆர்பிஎம்ல வைக்கிற சோதனையில 0.2 சதவீதம். கன்வர்டர் இல்லாம இந்த அளவு நியாயமா வராது.

கேஆர்பி_அணை:
ரெண்டு பேரும் ஒரு படி தாண்டிட்டீங்க. கால் எடுத்தா பட்பட்னு வெடிக்குதுன்னு எழுதியிருக்காரே, முதல்ல லீக் பாருங்க. ஹெட்டர் கேஸ்கட்ல முடி அளவு இடைவெளி இருந்தாலும் அழுத்தம் ஏறுறப்ப புகை சீறி வெளிய வரும், ரெண்டு துடிப்புக்கு நடுவுல அழுத்தம் இறங்குறப்ப வெளிக்காத்து உள்ள போகும். சீறுறதுதான் கரகரப்பு. உள்ள போன காத்துல எரியாத பெட்ரோல் பத்திக்கிறதுதான் பட்பட். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னாடி லீக் இருந்தா சென்சார் பெட்ரோல் குறைவுன்னு நம்பி ஈசியூவை (இன்ஜின் கம்ப்யூட்டர்) அதிகமா பெட்ரோல் ஊத்த வைக்கும், மைலேஜும் அடிபடும்.

பார்க்கிற முறை: வண்டி ராத்திரி முழுக்க ஆறி இருக்கணும். இன்ஜினை ஓட விடாம, வாக்குவம் கிளீனரோட காத்து வெளித்தள்ற வாயை டெயில் பைப்ல துணி சுத்திச் சொருகுங்க. சோப்புத் தண்ணியை ஹெட்டர் ஃபிளேஞ்ச் (இன்ஜினோட போல்ட் போட்டு சேர்ற தட்டு), நாலு குழாய் ஒண்ணு சேர்ற இடம், சென்சார் மரை, ஒவ்வொரு வெல்டிங், பெல்லோஸ் (வளைஞ்சு கொடுக்கிற வலைக் குழாய்)னு வரிசையா தெளிங்க. நுரை கிளம்பற இடம் தெரிஞ்சிடும். ஃபிளேஞ்ச் ஓரத்துல கறுப்பா கரி கோடு கிழிச்சிருந்தா சோப்பே வேண்டாம், அதுதான் இடம்.

பாலக்கோடு_ரோடு:
பார்த்துட்டேன். ரெண்டாவது சிலிண்டர் பக்கம் ஃபிளேஞ்ச்ல கரி கோடு இருக்கு, நுரையும் வருது. சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் தடவி இறுக்கிடலாமா? பெல்லோஸும் இல்லைங்க, நேர் குழாய்தான்.

கேஆர்பி_அணை:
பேஸ்ட் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டுல நிக்காது, அதுல இருந்து வர்ற சிலிக்கான் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுத்துடும். கழட்டி ஃபிளேஞ்ச் மேல ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வச்சு, பின்னாடி டார்ச் அடிங்க. வெளிச்சம் தெரிஞ்சா ஃபிளேஞ்ச் வளைஞ்சிருக்கு, கிருஷ்ணகிரியிலயோ ஓசூர்லயோ லேத்ல கொடுத்து முகம் தேய்ச்சு வாங்குங்க. கேஸ்கட் பல அடுக்கு ஸ்டீல்ல புதுசு. நட்டை நடுவுல இருந்து ஓரத்துக்கு இறுக்குங்க, ஒரு தடவை சூடாகி ஆறினதும் மறுபடி ஒரு சுத்து பாருங்க.

ஓசூர்_ஆர்கான்:
ஃபிளேஞ்ச் வளையறதுக்குக் காரணம் தொடர்ச்சியா ஒரே மூச்சுல வெல்டு அடிக்கிறது. தடிப்பான தகட்டுல போல்ட் போட்டுப் பிடிச்சு, நாலு இடத்துல டாக் (சின்னப் பொட்டு வெல்டு) வச்சு, குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி அடிச்சு, ஆறின பிறகுதான் போல்ட் கழட்டணும்.

பெல்லோஸ் இல்லைங்கறதை முதல்லயே சொல்லியிருக்கணும். குறுக்கு வச்ச இன்ஜின், ஆக்ஸிலேட்டர் கொடுத்தா முன்னும் பின்னும் ஆடும். நேர் குழாயா இருந்தா அந்த ஆட்டம் முழுக்க ஃபிளேஞ்ச்லயும் தரைத் தகட்டுலயும் போய் முட்டும். 304 எஸ்எஸ் ரெண்டு மீட்டர் நீளம் 300 டிகிரி சூடேறினா 10 மில்லிமீட்டர் நீளும். ஆறின வண்டியில விரல் நுழையிற இடைவெளி இருந்த இடம் ஓடினதும் தொட்டுக்கும், அந்த உரசலும் கரகரன்னுதான் கேட்கும். ஹெட்டருக்குக் கீழ 6 இன்ச் பெல்லோஸ் ஒண்ணு கட்டாயம். ஹீட் ஷீல்டையும் ரப்பர் சுத்தியால தட்டிப் பாருங்க. ஆடினா எஸ்எஸ் ஹோஸ் கிளாம்ப் போட்டுப் பிடிச்சிடலாம்.

தகடூர்_புகைச்சோதனை:
இதெல்லாம் செஞ்சா பட்பட் போகும், ஒத்துக்கிறேன். ஆனா கன்வர்டர் கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே? குழாய் தடிமன் என்னன்னும் யாரும் கேட்கல. 1.2 மில்லிமீட்டர்னா அது மணி மாதிரி பாடும். 1.6 போட்டா வித்தியாசம் காதுக்கே தெரியும்.

ஓசூர்_ஆர்கான்:
1.6 நல்லதுதான். ஆனா 1.2 லிட்டர் இன்ஜினுக்கு 2 இன்ச்சே பெருசு. மாத்துறதுன்னா 1.75 இன்ச்சா, 1.6 தடிமன்ல, மாண்ட்ரல் வளைவோட (உள்விட்டம் நசுங்காம வளைச்சது) மாத்துங்க. வாங்குறப்ப காந்தம் வச்சு 304-ன்னு நம்பிடாதீங்க, 202 கிரேடுலயும் காந்தம் ஒட்டாது. பில்லுல கிரேடு எழுதி வாங்குங்க.

கன்வர்டர் கேள்விக்குப் பதில்: சத்தம் மட்டும்தான் கேள்வின்னா அது இல்லாமலும் அடக்கலாம். 16 இன்ச் ஒண்ணு பத்தலைன்னா பின்னாடி 12 இன்ச் இன்னொண்ணு.

தகடூர்_புகைச்சோதனை:
ரெண்டு ரெசனேட்டர், அதுக்குத் தாங்குகால், ரெண்டுக்கும் வெல்டிங். கன்வர்டரையும் கம்பெனி மேனிஃபோல்டையும் மாட்டினா இதுல பாதி வேலையே இல்லையே அண்ணா! பஞ்சு நாளடைவுல எரிஞ்சு, ஈரத்துல ஊறி, உதிர்ந்து போகும், கரகரப்பு திரும்ப வரும். பீங்கான் கன்வர்டர் உடையாத வரைக்கும் அதே வேலையைச் செஞ்சுகிட்டே இருக்கும். சட்டம்னு பார்த்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவுல சத்தம், புகை ரெண்டும் வருது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூணு மாசம் வரை சிறையோ ரெண்டுமோ, கூடவே மூணு மாசம் லைசென்ஸ் தகுதி நீக்கம். தாலுக்கா ஆஸ்பத்திரி வாசல்ல, பள்ளிக்கூடத் தெருவுல அந்தச் சத்தத்தைக் கேட்கிறவங்களையும் நினைக்கணும்.

ஓசூர்_ஆர்கான்:
சட்டத்துலயும் புகையிலயும் உங்ககூட சண்டை இல்ல. பஞ்சு சீக்கிரம் போயிடும்ங்கறதைத்தான் ஒத்துக்க மாட்டேன். ஹெட்டருக்குப் பக்கத்துல வச்சா போகும். முன்சீட்டைத் தாண்டி நடுத்தரைக்குக் கீழ வச்சா சூடு இறங்கி இருக்கும், நார் நின்னு உழைக்கும். தாழ்வான பக்கத்துல 3 மில்லிமீட்டர்ல ஒரு வடிகால் ஓட்டை விட்டா தண்ணியும் தேங்காது.

பாலக்கோடு_ரோடு:
அப்போ கம்பெனி மேனிஃபோல்டும் கன்வர்டரும் திரும்ப மாட்டிட்டு, எண்ட் கேன் மட்டும் இப்ப இருக்கிறதையே வச்சுக்கலாமா? பழசு பத்திரமா இருக்கு.

தகடூர்_புகைச்சோதனை:
தாராளமா. நடுக் குழாயும் கம்பெனியோடதே கிடைச்சா போடுங்க, அதுலயே ரெசனேட்டர் இருக்கும். பழைய கன்வர்டரை மாட்டுறதுக்கு முன்னாடி கையில எடுத்துக் குலுக்குங்க. உள்ள கலகலன்னா பீங்கான் உடைஞ்சிருக்கு, அது ஆகாது. முகப்புல டார்ச் அடிச்சுப் பாருங்க, கண்கள் உருகி அடைச்சிருக்கக் கூடாது.

கேஆர்பி_அணை:
மாட்டினதும் ஆக்ஸிஜன் சென்சார் ரெண்டும் அதனதன் இடத்துல இருக்கான்னு பார்த்து, ஸ்கேனர்ல பி0420 கோடு (கன்வர்டர் சரியா வேலை செய்யலைன்னு சொல்றது) இருந்தா அழிச்சிட்டு சில நாள் ஓட்டிப் பாருங்க. திரும்ப வந்தா கன்வர்டர் செத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஓசூர்_ஆர்கான்:
அந்த எண்ட் கேன் மூடி ரிவெட் போட்டதா? அப்படின்னா துளைச்சு எடுத்து உள்ள பஞ்சு எவ்வளவு மிச்சம்னு பாருங்க. விலை குறைஞ்ச கேன்ல ஒரு கைப்பிடிதான் வச்சிருப்பாங்க. காலியா இருந்தா கன்வர்டர் போட்ட பிறகும் கொஞ்சம் கரகரப்பு மிஞ்சும். அதுக்கு நான் சொன்ன அதே கணக்குல, லிட்டருக்கு 100-120 கிராம்.