டெர்மினலில் ஓடுகிறது, எக்ஸ்கோட் பில்டில் மட்டும் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"

புதுநிரலர்:
வணக்கம். மேக்கில் கருவிகளை நிறுவும் ஹோம்ப்ரூ வழியாக, ஸ்விஃப்ட் கோடின் நடையைச் சரிபார்க்கும் ஸ்விஃப்ட்லின்ட் போட்டிருக்கிறேன். டெர்மினலில் பெயரைத் தட்டினால் ஓடுகிறது. ஆப்பிளின் நிரலாக்கச் செயலியான எக்ஸ்கோடில், பில்டின்போது ஓடும் ரன் ஸ்கிரிப்டில் அதையே எழுதினால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்", எக்ஸிட் கோட் 127. இதே ப்ராஜெக்ட் பழைய இன்டெல் கணினியில் பில்ட் ஆனது. இப்போது ஆப்பிள் சிப் உள்ள எம்1. எங்கே பார்க்கணும்?

ஓலைச்சுவடி:
ஸ்கிரிப்டின் முதல் வரியில் உங்க இசட்-ஷெல் ஆர்சி கோப்பை (டெர்மினல் ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு) சோர்ஸ் பண்ணிடுங்க, அதாவது அங்கேயே படிக்க வைங்க.

கல்தச்சன்:
அது வேண்டாங்க. நீங்க மாற்றாதவரை ரன் ஸ்கிரிப்டை ஓட்டுவது /பின்/எஸ்எச் என்ற வேறு ஷெல். ஆர்சி கோப்பு இசட்-ஷெல்லுக்கு எழுதினது. அதில் உள்ள பாதி வரிகள் இங்கே செல்லாமல் போகலாம். தவிர, பில்ட் உங்க ஒருத்தர் கணினியின் சொந்த அமைப்பை நம்பி நிற்கக் கூடாது. இதில் நான் ரொம்பப் பிடிவாதம்.

நடப்பது இதுதான். எக்ஸ்கோட் ஸ்கிரிப்டுக்குத் தரும் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் உண்டு. இன்டெல்லில் ஹோம்ப்ரூ அங்கேதான் வைக்கும், அதனால் ஓடியது. ஆப்பிள் சிப்பில் அதன் இடம் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின். டெர்மினலுக்கு அந்த இடம் தெரியக் காரணம், ஹோம்ப்ரூ நிறுவும்போது ப்ரொஃபைல் கோப்பில் சேர்த்த வரி. எக்ஸ்கோட் ஓட்டும் ஷெல் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை.

ஸ்கிரிப்டின் தலையில் ஒரு நிபந்தனை போடுங்க: /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின் அடைவு இருந்தால் அதைப் பாத்தின் முன்னால் சேர்த்து எக்ஸ்போர்ட் செய். இன்டெல் வைத்திருப்பவருக்கும் அதே ஸ்கிரிப்ட் ஓடும். அதற்குப் பிறகும் கருவி கிடைக்கலைன்னா, "வார்னிங்" என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் முன்னால் வைத்து ஒரு வரி எக்கோ பண்ணுங்க. எக்ஸ்கோட் அதை மஞ்சள் எச்சரிக்கையாகவே காட்டும்.

புதுநிரலர்:
இப்போ கருவி கிடைக்குது, நன்றிங்க. ஆனால் "சாண்ட்பாக்ஸ்... டினை" என்று கோப்புகளைப் படிக்க விடமாட்டேங்குது. எக்ஸ்கோட் பரிந்துரைத்த அமைப்புகளை எல்லாம் ஏற்றுக்கொண்டேன்.

கல்தச்சன்:
அதுல வந்ததுதான். பில்ட் செட்டிங்ஸில் "யூசர் ஸ்கிரிப்ட் சாண்ட்பாக்ஸிங்" என்று தேடுங்க. எக்ஸ்கோட் 15-இலிருந்து (2023) புது ப்ராஜெக்டுகளில் அது "எஸ்" என்றே வருது. இன்புட், அவுட்புட் பட்டியலில் சொல்லாத ப்ராஜெக்ட் கோப்பை ஸ்கிரிப்ட் தொட முடியாது. ஸ்விஃப்ட்லின்ட் எல்லாக் கோப்பையும் படிக்கணும், எனவே அந்த டார்கெட்டுக்கு "நோ" வைங்க. ஒரே ஒரு கோப்பை உருவாக்கும் ஸ்கிரிப்ட் என்றால் அணைக்காதீங்க, பட்டியலை நிரப்புங்க. இன்புட் மாறாதபோது எக்ஸ்கோட் அந்த ஸ்கிரிப்டை ஓட்டாமலே தாண்டிப் போகும்.