பழக்க மாற்றத்தின் உந்துதலை அளக்கும் வினாத்தாள்: தமிழாக்கத்தில் உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள முதியவர்கள் நடைப்பயிற்சியைக் கைவிடாமல் தொடர்வதற்கு எத்தகைய உந்துதல் காரணமாகிறது என்பதை என் முதுகலை ஆய்வில் அளக்க முயல்கிறேன். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த, ஒருவரின் உந்துதல் எந்த அளவுக்குத் தம் விருப்பத்திலிருந்தே எழுகிறது என்று பார்க்கும் சுயநிர்ணயக் கோட்பாட்டின் வழிவந்த, 15 கூற்றுகளும் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரையிலான மதிப்பெண்ணும் கொண்ட வினாத்தாளைத் தமிழாக்கி வருகிறேன்.

தாமே விரும்பி ஏற்ற காரணம், செய்யாவிட்டால் எழும் குற்ற உணர்வு, பிறருடைய வற்புறுத்தல் ஆகியவற்றை அது தனித்தனியே அளக்கிறது. சிக்கல் இங்குதான் எழுகிறது. முன்னோட்டமாக நான் சந்தித்த பெரியவர்களில் பலர், "பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது, அதனால் நடக்கிறேன்" என்றார்கள். இதை வற்புறுத்தல் என்று பதிவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். எனினும், அது மனமுவந்து ஏற்ற மதிப்பா, குற்ற உணர்வா என்பதைக் கூற்றின் சொற்களே பிரித்துக் காட்ட வேண்டும். மீண்டும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துச் சரிபார்த்தபோது பொருள் மாறாமலே வந்ததால், அம்முறை இக்குறையைக் காட்டவில்லை.

கூற்றுகளை வாசிக்கக் கேட்டு விடையளிப்பவர்கள் பெரும்பாலும் 1 அல்லது 7 என்றே சொல்கிறார்கள். படிகளை ஐந்தாகக் குறைக்கலாமா, அல்லது பிற ஆய்வுகளோடு ஒப்பிடுவதற்காக ஏழாகவே வைத்துப் படம் காட்டிக் கேட்கலாமா? இத்தகைய அளவுகோல்களைத் தமிழில் பயன்படுத்தியவர்கள், குடும்பத்தை முன்னிட்ட காரணங்களை எவ்வாறு சொல்லாக்கினீர்கள் என்பதை அருள்கூர்ந்து பகிருங்கள்.